சேர்ந்து திரும்ப வேண்டிய இரண்டு தண்டுகள்: ஸ்பிரிங்கா, கியரா, லிங்க்கா, பெல்ட்டா?

இரண்டு தண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மடல் (கதவு போலத் திரும்பும் தகடு). ஒன்றைத் திருப்பினால் மற்றதும் அதே அளவு திரும்ப வேண்டும். கையை எடுத்தால் இரண்டும் சேர்ந்தே பழைய இடத்துக்கு வர வேண்டும். காகிதத்தில் இது சின்ன வேலையாகத் தெரியும். செய்து பார்த்தால் ஒரு மடல் முந்தும், இன்னொன்று தடதடவென்று ஆடும், பாதி வழியில் ஏதாவது சிக்கும். ஸ்பிரிங் எப்படியும் தேவைப்படுகிறது. அந்த ஸ்பிரிங்கே இரண்டையும் இணைக்கும் வேலையையும் பார்த்துக்கொள்ளாதா என்ற எண்ணம் இந்த இடத்தில் வருவது இயல்பு. அங்கேதான் பலரும் தேங்கி நிற்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்திசைவைக் காக்கும் வேலை வளையாத ஒரு பொருளிடம் இருக்க வேண்டும். திரும்பக் கொண்டுவருவதும், மூட்டுகளின் ஆட்டத்தை (தளர்வால் வரும் அசைவை) ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பதும் ஸ்பிரிங்கின் வேலை. இந்த இரண்டையும் ஒரே பாகத்தின் தலையில் கட்டும்போதுதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி திசை. இரண்டும் ஒரே பக்கம் திரும்ப வேண்டுமா, எதிரெதிராகத் திரும்ப வேண்டுமா? இதற்குப் பதில் சொன்னதுமே பாதித் தேர்வுகள் கழிந்துவிடும்.

அடுத்தது கோணம். 90 டிகிரி திரும்பி நிற்பதும், முழுச் சுற்றாக ஓடிக்கொண்டே இருப்பதும் வேறு வேறு கணக்குகள். லிங்க் (இரு முனையிலும் பின் மாட்டி இரண்டு தண்டுகளின் கைகளை இணைக்கும் விறைப்பான துண்டு) முதல் வகைக்கு அருமையாகப் பொருந்தும், இரண்டாவதில் தடுமாறும்.

மூன்றாவது, எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது. இதை டிகிரியில் யோசிக்காமல் மடலின் நுனியில் எத்தனை மில்லிமீட்டர் என்று யோசியுங்கள். ஒரு டிகிரி சின்னதாகத் தெரியும், 100 மி.மீ நீள மடலின் நுனியில் அது 1.7 மி.மீ.

அப்புறம் சுமை. இரண்டு மடல்களிலும் எப்போதும் ஒரே சுமை விழுந்தால் எந்த ஏற்பாடும் அழகாக வேலை செய்யும். ஒன்றில் மட்டும் காற்று அடித்தால், ஒன்று மட்டும் எதிலாவது உரசினால் என்ன ஆகும் என்பதே உண்மையான சோதனை. ஆகவே சுமையைக் கணக்கிடும்போது மொத்தத்தை மட்டும் பார்க்காமல் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தையும் பாருங்கள்.

கடைசியாக, பலரும் கேட்க மறக்கும் ஒன்று: ஒரு மடல் சிக்கிக்கொண்டால் மற்றது என்ன செய்ய வேண்டும்? அதுவும் நிற்க வேண்டுமா, தன் வழியில் போக வேண்டுமா?

ஒப்பிட வசதியாக ஒரே உதாரணத்தை எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வோம். தண்டுகளுக்கு இடையே 60 மி.மீ. மடல் 100 மி.மீ நீளம், 150 கிராம் எடை, ஒரு ஓரத்தில் தண்டு. இரண்டு மடல்களின் சுமை வித்தியாசம் 0.2 நியூட்டன் மீட்டர்.

## ஸ்பிரிங்கையே இணைப்பாக வைப்பது

ஒவ்வொரு தண்டிலும் 30 மி.மீ கை (தண்டோடு சேர்ந்து திரும்பும் நெம்பு) வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு மி.மீக்கு 2 நியூட்டன். கைக்கும் ஸ்பிரிங்குக்கும் செங்கோணம் இருக்கும்போது, கோண விறைப்பு என்பது ஸ்பிரிங் விறைப்பைக் கை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது: ஒரு ரேடியனுக்கு 1.8 நியூட்டன் மீட்டர். சுமை வித்தியாசத்தை இதால் வகுத்தால் 0.11 ரேடியன், அதாவது 6 டிகிரிக்கு மேல். மடலின் நுனியில் 11 மி.மீ விலகல்.

இதை 1 மி.மீக்குக் கொண்டுவர 11 மடங்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். அவ்வளவு விறைப்பு வந்த பிறகு அது முனையில் கொக்கி போட்ட ஒரு மோசமான லிங்க்தான். அதற்குப் பதிலாக லிங்க்கையே போட்டுவிடலாம். போதாததற்கு, இழு ஸ்பிரிங் இழுக்க மட்டுமே செய்யும், தள்ளாது.

மறைந்திருக்கும் செலவு அதிர்வில் வரும். நம் மடலின் நிலைமத் திருப்புத்திறன் (திருப்புவதை அது எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) சுமார் 0.0005 கிலோகிராம் சதுர மீட்டர். அப்படி இரண்டு மடல்களை அந்த 1.8 விறைப்பால் இணைத்தால், வினாடிக்கு 13 முதல் 14 முறை எதிரெதிராக ஆடுவது அவற்றின் இயல்பான வேகம். பக்கத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் ஒரு மோட்டார் இருந்தால் போதும், மடல்கள் பேயாட்டம் போடும்.

ஸ்பிரிங் ஒத்திசைக்காதா என்று கேட்பவர்கள் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸின் கடிகாரங்களை நினைவுபடுத்துவார்கள். ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே எதிரெதிராக ஆடத் தொடங்கியதை அவர் 1665இல் கண்டது உண்மைதான். ஆனால் அங்கே இரண்டு பொருள்களுக்கும் சொந்தமாக ஒரு தாளம் இருந்தது, இரண்டும் ஏறக்குறைய சமம். மென்மையான இணைப்பு தாளத்தைச் சேர்த்துவைக்கும். நிற்கும் இடத்தைச் சேர்த்துவைக்காது. நமக்குத் தேவை இடம்.

இந்த வழி சரியாக வரும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: விலகலைத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள் என்றால். வாகனக் கிளட்ச் தட்டில் மையத்தைச் சுற்றி ஸ்பிரிங்குகள் இருப்பது இஞ்சினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்க. ஒழுங்கற்ற பொருளைப் பிடிக்கும் இயந்திரப் பிடியின் இரண்டு விரல்களிலும் ஒன்று முதலில் தொட்டு நின்று, மற்றது தொடர்ந்து மூடினால் நல்லது.

இதற்கும் விறைப்பான லிங்க்குக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு இருக்கிறது: முன்னழுத்தம் கொடுத்த லிங்க். ஒரு குழாய்க்குள் தண்டு. நடுவில் ஒரு அமுக்கு ஸ்பிரிங்கை இரண்டு வாஷர்களுக்கு இடையே ஏற்கெனவே அமுக்கிச் சிறைப்படுத்தியிருக்கும். குழாயின் தோள்களும் தண்டின் தோள்களும் அதே வாஷர்களில் முட்டி நிற்கும். தள்ளினாலும் இழுத்தாலும் முன்னழுத்தத்தைத் தாண்டும் வரை அது அசையாது. 20 மி.மீ கையில் 15 நியூட்டன் முன்னழுத்தம் என்றால் 0.3 நியூட்டன் மீட்டர் வரை அது கம்பி போல விறைப்பாக நிற்கும். நம் 0.2 வித்தியாசத்துக்கு அது அசையப்போவதில்லை. மடல் எதிலாவது சிக்கி 0.3ஐத் தாண்டினால் மட்டும் விட்டுக்கொடுக்கும். பாகங்கள் கூடும், நீளம் கூடும். ஆனாலும் கைவிரல் மாட்டக்கூடிய இடங்களிலும் மோட்டார் எரிந்துவிடக்கூடிய இடங்களிலும் இந்தச் சிரமம் தகும்.

## கியர்

எதிரெதிராகத் திரும்ப வேண்டும், தண்டுகள் அருகருகே இருக்கின்றன, முழுச் சுற்றும் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம்: சம பல் எண்ணிக்கையுள்ள இரண்டு கியர்கள். விகிதம் எந்தக் கோணத்திலும் மாறாது.

பற்களுக்கு இடையே 0.1 மி.மீ இடைவெளி இருந்தால், 30 மி.மீ ஆரத்தில் அது 0.2 டிகிரிக்கும் குறைவு. மடல் நுனியில் 0.3 மி.மீ அளவு. ஆனால் அந்த 0.1 உங்கள் கையில் இல்லை, தண்டுத் துளைகளைப் போட்டவர் கையில் இருக்கிறது. 20 டிகிரி அழுத்தக் கோணமுள்ள (பற்கள் ஒன்றையொன்று தள்ளும் திசையின் சாய்வு) பற்களில் மையத் தூரம் 0.2 மி.மீ கூடினால் பல் இடைவெளி ஏறக்குறைய 0.15 மி.மீ கூடும். குறைந்தால் பற்கள் இறுகும், சத்தம் வரும்.

இந்த இடைவெளியை ஒழிக்க இரண்டாகப் பிளந்த கியரைப் பயன்படுத்துவார்கள்: இரண்டு மெல்லிய கியர்கள் ஒரே அச்சில், நடுவில் ஒரு ஸ்பிரிங் அவற்றை எதிரெதிராகத் திருகிப் பல்லின் இரு முகங்களிலும் ஒட்டவைக்கும். நல்ல யோசனை, ஆனால் ஸ்பிரிங்கின் முறுக்கு சுமையைவிட அதிகமாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 0.2க்கு மேல். குறைந்தால் சுமை ஏறும் நேரத்தில், அதாவது தேவைப்படும் நேரத்தில், இடைவெளி மறுபடி திறந்துகொள்ளும். அதிகமாக வைத்தாலோ உராய்வும் தேய்மானமும் எப்போதும் கூடவே இருக்கும்.

தண்டுகள் 60 மி.மீக்குப் பதில் 300 மி.மீ தள்ளி இருந்தால் கியரை மறந்துவிடுங்கள். நடுவில் கியர் வரிசை போடலாம். ஒவ்வொரு சேர்க்கையும் தன் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

## இரண்டு கை, ஒரு லிங்க்

ஒரே திசையில் திரும்பவும், 120 டிகிரிக்குள் வேலை முடியவும் வேண்டுமானால் இணைகர லிங்க்தான் என் முதல் தேர்வு. சம நீளக் கைகள், தண்டு இடைவெளிக்குச் சமமான லிங்க், நான்கு மூட்டுகள் (இரண்டு தண்டுகள், லிங்க்கின் இரு முனைப் பின்கள்). கோணம் எதுவாக இருந்தாலும் இரண்டும் ஒன்றே.

துல்லியம் மூட்டுகளில் இருக்கிறது. இரண்டு பின்களிலும் ஆளுக்கு 0.1 மி.மீ விட்டம் தளர்வு என்றால் லிங்க்கின் மொத்த ஆட்டம் 0.2 மி.மீ. 20 மி.மீ கையில் அது 0.6 டிகிரி, மடல் நுனியில் 1 மி.மீ. கையை 40 மி.மீ ஆக்கினால் பாதியாகிவிடும். ஆகவே இடம் கொடுக்கும் அளவுக்குக் கையை நீளமாக வையுங்கள். காசு செலவில்லாத துல்லியம் அது. கைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இறுக்கி ஒரே நேரத்தில் துளை போட்டால் நீளம் தானாகவே சமமாகும்.

கோணத்தை ஏன் 120 டிகிரிக்குள் வைக்கச் சொன்னேன்? கைக்கும் லிங்க்குக்கும் இடையிலான கோணம் 30 டிகிரிக்குக் குறைந்தால், அதே மூட்டு ஆட்டம் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பூஜ்யத்தை எட்டினால், நான்கு மூட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அந்த டெட் சென்டரில் இரண்டாவது தண்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று லிங்க்கால் சொல்ல முடியாது, எதிர்ப்பக்கமாகவும் புரண்டுவிடலாம். நீராவி ரயில் இஞ்சின் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளுக்கும் இதே தொல்லைதான். அதனால்தான் ஒரு பக்கத்துக் கிராங்க்கும் மறுபக்கத்துக் கிராங்க்கும் 90 டிகிரி விலகி இருக்கும்: ஒன்று செயலற்று நிற்கும் நொடியில் மற்றது முழு பலத்தில் இருக்கும். உங்களுக்கு முழுச் சுற்று வேண்டுமென்றால் அதையே செய்யுங்கள். ஸ்பிரிங் வைத்து டெட் சென்டரைத் தாண்டவைக்கும் முயற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிதானமாகச் சுற்றினால் தாண்டும், சுமையோடு சுற்றினால் ஒருநாள் புரளும்.

எதிரெதிர்த் திசைக்கு லிங்க்கைக் குறுக்காகப் போடலாம் என்று பலரும் சொல்வார்கள். போடலாம், விகிதம் மாறாமல் இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். 20 மி.மீ கைகள், 60 மி.மீ இடைவெளி என்றால், ஒரு சுற்றுக்குள் வேக விகிதம் இரண்டு மடங்குக்கும் பாதிக்கும் இடையே ஊசலாடும். இரண்டும் சமமாக இருக்கும் நிலை, கைகள் மையக்கோட்டுக்கு ஏறக்குறைய 70 டிகிரியில் இருக்கும்போது. அங்கிருந்து ஒன்றை 20 டிகிரி ஒரு பக்கம் திருப்பினால் மற்றது 18 டிகிரியும், மறுபக்கம் திருப்பினால் 23 டிகிரியும் போகும். திறந்தது, மூடியது என்ற இரண்டு நிலை மட்டுமே போதும் என்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

## நடுவில் ஒரு சறுக்குத் துண்டு

எதிரெதிர்த் திசைக்குக் குறுக்கு லிங்க்கைவிட நேர்த்தியானது இது. நடுக்கோட்டில் ஒரு துண்டு மேலும் கீழும் சறுக்கும். அதிலிருந்து இரு பக்கமும் ஒரே மாதிரியான இரண்டு லிங்க்குகள் இரண்டு கைகளுக்குப் போகும். இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம் என்பதால் கோணங்கள் சமமாக இருந்தே தீர வேண்டும். லிங்க்குக்குப் பதில் நடுவில் பல் தண்டும் இருபுறம் கியரும் வைத்தால் விகிதமும் மாறாது.

நீராவி இஞ்சின்களின் வேகத்தைக் கட்டுப்படுத்திய ஹார்ட்னெல் கவர்னரைப் பாருங்கள். சுழலும் இரண்டு குண்டுகள், இரண்டு எல் வடிவக் கைகள், இரண்டும் தொடும் ஒரே ஸ்லீவ் (தண்டின் மேல் சறுக்கும் குழல்), அந்த ஸ்லீவை அமுக்கும் ஒரே ஸ்பிரிங். குண்டுக்கு ஒரு ஸ்பிரிங் என்று வைத்திருந்தால் இரண்டையும் சமப்படுத்தவே நேரம் போயிருக்கும்.

இதன் மறைமுகச் செலவு, துண்டு சறுக்கும் வழிகாட்டியில் இருக்கிறது. ஒரு மடலில் மட்டும் சுமை ஏறும்போது துண்டு சாயப் பார்க்கும். உராய்வுக் கெழு 0.25 என்றால், வழிகாட்டி நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி விசை விழும்போது துண்டு அப்படியே பூட்டிக்கொள்ளும்; எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் நகராது. நான் வழிகாட்டியின் நீளத்தை, விசை விழும் தூரத்துக்குக் குறையாமல் வைப்பேன். அதற்கு உயரம் வேண்டும். தட்டையான பெட்டிக்குள் இந்த ஏற்பாடு நுழையாமல் போவது அதனால்தான்.

## டைமிங் பெல்ட், கம்பி

தண்டுகள் தள்ளி இருந்து, ஒரே திசையில் முழுச் சுற்று வேண்டுமானால் டைமிங் பெல்ட், அதாவது உட்புறம் பற்கள் உள்ள பெல்ட். சத்தம் குறைவு, எண்ணெய் வேண்டாம். ஒரு பல் தாண்டினால் மட்டும் பிழை சின்னதாக இருக்காது: 20 பல் புல்லியில் ஒரு பல் என்பது 18 டிகிரி. அப்புறம் அது தானாகச் சரியாகாது.

ஸ்பிரிங் வைத்த டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையை) தளர்வான பக்கத்தில் வைப்பது வழக்கம். எப்போதும் ஒரே பக்கம் ஓடும் இஞ்சினுக்கு அது சரி. முன்னும் பின்னும் திரும்பும் ஏற்பாட்டில் திசை மாறியதும் தளர்வான பக்கம் இறுக்கமான பக்கமாகிவிடும். சுமை ஸ்பிரிங்கை அமுக்கும், இரண்டாவது தண்டு பின்தங்கும். திசை மாறும் இடங்களில் டென்ஷனரை இறுக்கிய பிறகு போல்ட் போட்டு நிலைப்படுத்திவிடுங்கள்.

எதிரெதிர்த் திசைக்கு உருளைகளில் எட்டு வடிவில் சுற்றிய எஃகுக் கம்பி நன்றாக இருக்கும். இரு முனைகளையும் உருளையிலேயே இறுக்கினால் ஆட்டம் என்பதே இல்லை. முழுச் சுற்றுக்கு மட்டும் ஆகாது.

மூன்று, நான்கு, இருபது மடல்கள் வட்டமாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் இணையுங்கள். பிரான்சிஸ் நீர் டர்பைனின் வழிகாட்டி இதழ்கள் அப்படித்தான் திரும்புகின்றன. ஓர் இதழில் மரத்துண்டு சிக்கினால் அந்த ஒன்றை இணைக்கும் பின் (pin) மட்டும் முறியும்படி வைத்திருப்பார்கள். மற்ற இதழ்கள் தம் வேலையைத் தொடரும்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | திசை | கோணம் | 100 மி.மீ நுனியில் பிழை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஸ்பிரிங் மட்டும் | இரண்டும் | குறைவு | 11 மி.மீ | அதிர்வு |
| முன்னழுத்த லிங்க் | லிங்க் போலவே | 120 டிகிரி வரை | 1 மி.மீ, வரம்பு தாண்டும் வரை | பாகங்கள் கூடும் |
| கியர் | எதிர் | முழுச் சுற்று | 0.3 மி.மீ | மையத் தூரத் துல்லியம் |
| இணைகர லிங்க் | ஒரே | 120 டிகிரி வரை | 20 மி.மீ கையில் 1 மி.மீ | டெட் சென்டர் |
| குறுக்கு லிங்க் | எதிர் | குறைவு | விகிதமே மாறும் | இடைநிலைகளில் பிழை |
| சறுக்குத் துண்டு | எதிர் | 90 டிகிரி அளவு | மூட்டுத் தளர்வைப் பொறுத்தது | உயரம், சிக்குதல் |
| டைமிங் பெல்ட் | ஒரே | முழுச் சுற்று | இறுக்கத்தைப் பொறுத்தது | பல் தாண்டுதல் |

## ஸ்பிரிங்கை எங்கே மாட்டுவது

தேர்வு எதுவானாலும் பலன் இங்கேதான் தீர்மானமாகிறது. மோட்டாரோ கைப்பிடியோ முதல் தண்டில் இருந்தால், ஸ்பிரிங்கை இரண்டாவது தண்டில் மாட்டுங்கள். அப்போது ஸ்பிரிங்கின் முறுக்கு லிங்க் அல்லது பல் வழியாகத்தான் மோட்டாருக்கு வர முடியும். மூட்டுகள் எல்லாம் எப்போதும் ஒரே பக்கமாக அழுந்தியிருக்கும். எதிர்ச் சுமை ஸ்பிரிங்கைத் தாண்டாத வரை ஆட்டம் வெளியே தெரியாது. அதே ஸ்பிரிங்கை மோட்டார் தண்டிலேயே மாட்டினால் மடல்கள் திரும்பி வரும், ஆனால் இரண்டாவது மடல் தளர்வாக ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே விலை, ஒரே ஸ்பிரிங், இடம் மட்டும் வேறு. லிங்க் மெலிதாக இருந்தால், ஸ்பிரிங் அதை இழுக்கும் பக்கமாகப் பார்த்து வையுங்கள், தள்ளினால் வளையும்.

இரண்டு தண்டுகளிலும் ஆளுக்கொன்று வைக்கலாமா? சாதாரணமாக வாங்கும் ஸ்பிரிங்குகளில் 10 சதவீத வேறுபாடு இயல்பு. எந்தப் பக்கம் வலுவானது என்பதைப் பொறுத்து ஆட்டம் இங்குமங்கும் மாறும். சறுக்குத் துண்டு ஏற்பாட்டில் மட்டும் வேறு வழி இருக்கிறது: எதிரெதிராகத் திரும்பும் இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு இழு ஸ்பிரிங். அது இரண்டையும் ஒரே விசையால் இழுக்கும், இருபுற மூட்டுகளையும் ஒருசேர இறுக்கும். கைகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைக்க வேண்டும் என்ற முதல் ஆசை நிறைவேறும் சரியான இடம் அதுதான்.

வகையைப் பற்றிச் சுருக்கமாக. இழு ஸ்பிரிங் மாட்டுவது சுலபம், ஆனால் உடைந்தால் பெரும்பாலும் கொக்கியில் உடையும், ஒரே அடியில் மொத்த விசையும் போய்விடும். அமுக்கு ஸ்பிரிங் உடைந்தாலும் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நின்று ஓரளவு தாங்கும். பாதுகாப்பு முக்கியம் என்றால் அதுவே நல்லது. நீளம் விட்டத்தைப் போல் நான்கு மடங்கைத் தாண்டினால் உள்ளே ஒரு தண்டு கொடுங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் பிதுங்கும். முறுக்கு ஸ்பிரிங்கைச் சுற்று இறுகும் பக்கமாகவே சுமையேற்ற வேண்டும். இறுகும்போது அதன் விட்டம் குறையும்: 20 மி.மீ சராசரி விட்டம், 5 சுற்று உள்ள ஸ்பிரிங்கை 90 டிகிரி முறுக்கினால் ஏறக்குறைய 1 மி.மீ சுருங்கும். உள்ளே இருக்கும் தண்டுக்கு அந்த இடத்தை விடாவிட்டால் ஸ்பிரிங் தண்டையே பிடித்துக்கொள்ளும்.

கம்பியின் தடிமனில் கவனமாக இருங்கள். விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 1 மி.மீ கிடைக்கவில்லை என்று 1.1 மி.மீ கம்பியில் அதே ஸ்பிரிங்கை வாங்கினால் அது 46 சதவீதம் விறைப்பானது. மோட்டார் திணறும்போது பழி மோட்டார் மேல் விழும்.

ஸ்பிரிங்கை மாட்டும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். முதல் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, இரண்டாவது மடலின் நுனியை விரலால் முன்னும் பின்னும் ஆட்டி, எத்தனை மி.மீ என்று அளவுகோலில் பாருங்கள். இரண்டு கோடியிலும் நடுவிலும் மூன்று இடத்தில் அளந்தால் போதும். கோடியில் மட்டும் ஆட்டம் அதிகமென்றால் லிங்க் கோணம் சரியில்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவு அதிகமென்றால் பின்களும் துளைகளும்தான் காரணம். ஓர் இடத்தில் ஆட்டமே இல்லாமல் இறுகினால் கைகளின் நீளம் சமமில்லை, அல்லது லிங்க் நீளமும் தண்டு இடைவெளியும் ஒத்துப்போகவில்லை. அதை எந்த ஸ்பிரிங்காலும் சரிசெய்ய முடியாது, துளையைத்தான் மறுபடி போட வேண்டும்.